குண்டு பல்பா, டார்ச் லைட்டா?

மணிமங்கலம் ஏரிக்கரையில் இரவு நேரத்தில் நிற்கும் ஒருவருக்கு ஓர் எளிய கேள்வி. அதோ, எதிர்ப்பக்கம் வெகுதூரத்தில் ஒரு விளக்கு பளிச்சென்று எரிகிறது. அது எத்தனை வாட் விளக்கு?

சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. அது நாலா பக்கமும் வெளிச்சம் வீசும் குண்டு பல்பு என்றால், இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிய ஆயிரக்கணக்கான வாட் வேண்டும். கரண்ட் பில்லை நினைத்தாலே தலை சுற்றும். ஆனால் அது யாரோ ஒருவர் நம் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கும் டார்ச் லைட் என்றால்? இரண்டு பேட்டரி போதும். நம் கண்ணில் விழுவது ஒரே வெளிச்சம்தான். செலவுக் கணக்கு மட்டும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மாறிவிடுகிறது.

டார்ச்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பத்தடி பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கலாம். வெளிச்சம் காணாமல் போனால் டார்ச். போகாவிட்டால் பல்பு. ஆனால் அந்த விளக்கு ஆயிரம் கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தால் பத்தடி நகர்ந்து என்ன பயன்?

இதே சிக்கலில் உலகத்து வானியலாளர்கள் 1999-ஆம் ஆண்டு மாட்டிக்கொண்டார்கள். அதை அவிழ்த்த கைகளில் ஒரு ஜோடி நம்மூர்க் கைகள்: ஜவ்வாது மலையின் காவலூர்.

உளவு பார்க்கப் போன இடத்தில்

கதை 1967-இல் தொடங்குகிறது. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை யாராவது மீறுகிறார்களா என்று வேவு பார்க்க அமெரிக்கா ‘வேலா’ என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியிருந்தது. குண்டு வெடித்தால் காமா கதிர்கள் பாயும், அதைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். 1967 ஜூலை 2-ஆம் தேதி காமா கதிர்கள் பாயத்தான் செய்தன. ஆனால் அது குண்டு மாதிரி இல்லை. பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாமே பூமியிலிருந்து அல்ல, ஆகாயத்தின் ஆழத்திலிருந்து வந்தன. 1973-இல்தான் இந்தச் செய்தி வெளியே சொல்லப்பட்டது.

இவற்றுக்குக் காமா கதிர் வெடிப்புகள் என்று பெயர். சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். அதற்குள் முடிந்துவிடும். 1991-இல் விண்ணுக்குப் போன காம்ப்டன் ஆய்வுக்கலம், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. சராசரியாக நாளுக்கு ஒன்று கிடைத்துவிடும். எந்தத் திசையிலிருந்தும் வந்தன. ஆனால் எங்கிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல் மணி அடிக்கிறது, ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் ஆள் இல்லை என்கிற கதை.

1997 பிப்ரவரி 28 அன்று ஆள் சிக்கினார். பெப்போசாக்ஸ் என்ற இத்தாலிய–டச்சு செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைப் பார்த்தது. சில மணி நேரத்தில் தன் எக்ஸ்-ரே கண்ணை அந்தப் பக்கம் திருப்பியது. அங்கே ஏதோ மங்கிக்கொண்டிருந்தது. கேனரி தீவுகளில் இருந்த பெரிய தொலைநோக்கி அதே இடத்தில் சாதாரண வெளிச்சத்திலும் ஒரு புள்ளியைக் கண்டது. நாளாக ஆக அது மங்கி மறைந்தது.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொஞ்ச நேரம் சுடும் அல்லவா? அதுபோல வெடிப்பு முடிந்த பிறகும் மணிக்கணக்கில், நாட்கணக்கில் நீடிக்கும் இந்த வெளிச்சத்துக்குப் பின்னொளி என்று பெயர். பின்னொளி கிடைத்ததும் தூரத்தை அளக்க வழி பிறந்தது. அளந்து பார்த்தால், இவை நம் பால்வீதிக்குள் நடக்கும் சமாச்சாரமே இல்லை. பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் அந்நிய விண்மீன் மண்டலங்களில் நடப்பவை.

கணக்கு உதைத்தது

1999 ஜனவரி 23. அன்றைய வெடிப்பு தொடங்கிய 22 நொடிகளில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் இருந்த ஒரு தானியங்கிக் கேமரா ஆகாயத்தின் அந்தப் பகுதியைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டது. சாதாரண பைனாகுலரில் பார்த்தாலே தெரிந்திருக்கும் அளவுக்கு அது பிரகாசமாக எரிந்தது. தூரத்தைக் கணக்கிட்டால், ஒளி நம்மை வந்துசேர 900 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு பிரகாசமா? குண்டு பல்பு போல நாலா பக்கமும் வீசுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஏறத்தாழ இரண்டு சூரியன்களின் முழு எடையையும் மிச்சம் மீதி இல்லாமல் ஆற்றலாக மாற்றினால்தான் அந்த விடை வரும். நம் சூரியன் தன் ஆயிரம் கோடி ஆண்டு ஆயுள் முழுவதும் எரிந்தாலும், தன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட வெளிச்சமாக மாற்றப் போவதில்லை. இங்கே சில நொடிகளில் இரண்டு சூரியன் காலி! தெரிந்த எந்த நட்சத்திரச் சாவும் இந்தச் செலவைத் தாங்காது.

ஒன்று, இயற்பியலில் ஏதோ பெரிய ஓட்டை இருக்க வேண்டும். அல்லது, அது குண்டு பல்பாக இருக்கக் கூடாது. தாரையாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ஓஸின் வாயை விரலால் அழுத்தினால் ஒரே திசையில் பீய்ச்சுகிறதே, அதுபோல.

சொல்வது சுலபம். நிரூபிப்பது எப்படி? பத்தடி நகர்ந்து பார்க்க முடியாதே.

காலண்டர் தாள் பரிசோதனை

இந்த இடத்தில் ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்துக் குழலாகச் சுருட்டுங்கள். வீட்டில் பள்ளி போகும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்பு அடித்த ஒரு சுவருக்கு அருகே நின்று குழல் வழியே பாருங்கள். ஒரு வெள்ளை வட்டம் மட்டும் தெரியும். அது பத்தடிச் சுவரா, ஒரகடத்து ஆலைகளின் காம்பவுண்டு போல முடிவில்லாமல் போகும் சுவரா என்று அந்த வட்டத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இப்போது அடி அடியாகப் பின்னால் வாருங்கள். குழலுக்குள் அடங்கும் சுவரின் பரப்பு பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சுவரின் ஓரம் வட்டத்துக்குள் எட்டிப் பார்க்கும். அதற்கு மேல் எவ்வளவு பின்னால் போனாலும் புதிதாக வெள்ளை எதுவும் கிடைக்காது. சுவர் எவ்வளவு பெரியது என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும்.

வெடிப்பில் நடப்பதும் இதேதான். வெடித்த பொருள் ஒளியின் வேகத்தில் 99.99 சதவீதத்துக்கும் மேலான வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்கிறது. அந்த வேகத்தில் பாயும் எதுவும் தன் வெளிச்சத்தைத் தான் போகும் திசையிலேயே குறுக்கிக் குவித்து வீசும். ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிக்கும் விளைவு இது. அதனால் தொடக்கத்தில் நமக்கு நேர் எதிரே உள்ள ஒரு சின்ன வட்டம்தான் நம் கண்ணுக்குத் தெரியும். உருண்டையா, தாரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நேரம் போகப் போக, வழியில் இருக்கும் வாயுவில் மோதி வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய நாம் காணும் வட்டம் விரிகிறது. அது தாரையாக இருந்தால், ஒருநாள் ஓரம் வந்துதான் ஆக வேண்டும்.

ஓரம் வந்தால் என்ன ஆகும்? ஒரு முதலாளிக்குப் பல கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் வியாபாரம் நாளுக்கு நாள் குறைகிறது. ஆனால் வாரா வாரம் புதுக்கடை திறந்துகொண்டே இருப்பதால் மொத்தக் கல்லா மெதுவாகத்தான் இறங்குகிறது. திடீரென்று ஒருநாள் புதுக்கடை திறக்க இடம் இல்லாமல் போகிறது. அன்றிலிருந்து மொத்தக் கல்லா சரசரவென்று சரியும். பின்னொளியும் அப்படித்தான். சில நாட்கள் மெதுவாக மங்கும். ஓரம் வந்ததும் சரிவு செங்குத்தாகும். அதுவும் சிவப்பு, நீலம் என்று எல்லா நிறங்களிலும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒரு நிறத்தில் மட்டும் நடந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். எல்லா நிறத்திலும் சேர்ந்து நடந்தால், அது சுவரின் ஓரம்.

1999 ஜனவரி வெடிப்பின் பின்னொளியில் இரண்டாம் நாள் வாக்கில் அப்படி ஒரு திருப்பம் தென்பட்டது. அதே ஆண்டு மே 10-ஆம் தேதி நிகழ்ந்த வெடிப்பில் அது பல நிறங்களிலும் தெளிவாகவே தெரிந்தது. இந்த ஆராய்ச்சியின் முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவர், மகாராஷ்டிரத்தில் பிறந்து கர்நாடகத்து ஹூப்ளியில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி. நைனிடாலில் இருக்கும் 104 செ.மீ. தொலைநோக்கியும் அந்த ஜனவரி வெடிப்பின் பின்னொளியைப் பிடித்தது.

காவலூரின் மூன்று இரவுகள்

சூரியன் பூமியைக் கேட்டா மறைகிறது? பின்னொளியைத் தொடர்ந்து பார்க்க ஒரு நாட்டின் இரவு போதாது. ஓர் ஊரில் விடிந்தால் இன்னோர் ஊரில் இருட்ட வேண்டும். கேனரி தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே இருக்கிற நீண்ட இடைவெளியில் இந்தியா உட்கார்ந்திருக்கிறது. நம் தொலைநோக்கிகள் கண்ணை மூடிக்கொண்டால் அந்த நேரத்தில் வரைபடத்தில் ஓட்டை விழும். திருப்பம் அந்த ஓட்டைக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

மணிமங்கலத்திலிருந்து மேற்கே, சற்றே தெற்குத் தள்ளி, காக்கை பறக்கிற கணக்கில் ஏறத்தாழ 140 கி.மீ. போனால் காவலூர். திருப்பத்தூர் மாவட்டம், ஆலங்காயத்துக்குப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். 1960-களின் கடைசியில் வைணு பாப்பு என்ற வானியல் மேதை தேடிப் பிடித்த இடம். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரு. உடலைச் செய்தது மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலை. முழுக்க நம்மவர்கள் கைவேலை. அது முடிவதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-இல் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்து, பாப்புவின் பெயரையே சூட்டினார்.

2000 மார்ச் 1 அன்று ஒரு வெடிப்பு. வெடிப்புகளுக்குத் தேதியே பெயர் என்பதால் இது ‘000301சி’. மார்ச் 2 முதல் 4 வரை, காவலூரின் பாப்பு தொலைநோக்கி அதன் பின்னொளியைப் பல நிறங்களில் படம் எடுத்தது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் எஸ்.ஜி.பார்கவியும் ராமநாத் கௌசிக்கும் அந்த முடிவுகளை அதே ஆண்டு உலக ஆய்விதழில் வெளியிட்டார்கள். நைனிடால்காரர்களும் இதே பின்னொளியைத் துரத்தினார்கள்.

அவர்கள் தேடிய புள்ளி எவ்வளவு மங்கல் தெரியுமா? நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய நட்சத்திரத்தைவிட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு மங்கல்.

பல நாட்டு அளவுகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தபோது படம் தெளிவானது. முதல் சில நாட்கள், கழிந்த நேரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் 60 சதவீதமாகத்தான் குறைந்தது. ஒரு வாரத்துக்குள் கதை மாறியது. அதன் பிறகு நேரம் இரட்டிப்பானால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது. புதுக்கடை திறப்பது நின்றுவிட்டது! அந்த மெதுவான முதல் பாதியை உறுதியாக வரைய காவலூரின் ஆரம்ப நாள் அளவுகளும் கைகொடுத்தன. ஆரம்பம் தெரிந்தால்தானே திருப்பம் திருப்பமாகத் தெரியும்?

கணக்கு நேரானது

இப்படிக் கிடைத்த திருப்பங்களை எல்லாம் சேர்த்து 2001-இல் ஒரு குழு கணக்குப் போட்டது. திருப்பம் எத்தனையாவது நாள் வருகிறதோ, அதைக்கொண்டு தாரையின் அகலத்தைச் சொல்லிவிடலாம். பெரும்பாலானவை சில டிகிரி அகலமே கொண்ட ஒல்லித் தாரைகள். அதைக் கழித்துப் பார்த்தால், கண்ணைப் பறித்த வெடிப்புகளும் சுமாரான வெடிப்புகளும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலைத்தான் செலவழித்திருந்தன. இரண்டு சூரியன்களை எரிக்கத் தேவையில்லை. நம் சூரியன் ஆயுள் முழுதும் தரும் வெளிச்சத்துக்கு ஒப்பான அளவு போதும். ஒரு பெரிய நட்சத்திரம் செத்துக் கருந்துளையாகும்போது அந்தச் செலவு தாங்கக்கூடியதுதான். இயற்பியல் பிழைத்தது.

இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. டார்ச் நம் பக்கம் திரும்பினால்தான் நமக்குத் தெரியும். எனவே நாம் பார்க்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும், நம் பக்கம் திரும்பாத ஏறத்தாழ ஐந்நூறு வெடிப்புகள் எங்கோ நடக்கின்றன. நமக்குத் தெரிவது ஐந்நூறில் ஒன்று.

எல்லா வெடிப்பும் இவ்வளவு ஒழுங்காகத் திருப்பம் காட்டுவதில்லை என்பதும் உண்மை. பிற்பாடு வந்த அளவுகளில் சிலவற்றில் திருப்பமே தெரியவில்லை. விவாதம் தொடர்ந்தது. ஆனால் 2017 ஆகஸ்ட் 17 அன்று சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியபோது, அதன் தாரை ஆகாயத்தில் நகர்வதையே ரேடியோ தொலைநோக்கிகள் மாதக்கணக்கில் அளந்து காட்டிவிட்டன. பத்தடி பக்கவாட்டில் நின்று டார்ச்சைப் பார்த்தது போல.

நான்கு நொடி

மணிமங்கலம் என்ற பெயர் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்குப் புதிதல்ல. பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர் இது. ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, இன்றைக்கு ஏறத்தாழ 1,380 ஆண்டுகள் ஆகின்றன.

காவலூர் பிடித்த அந்த வெளிச்சம் கிளம்பி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தப் பயணம் முழுவதையும் ஒரே ஒரு வருடமாகச் சுருக்கினால், மணிமங்கலத்தில் வாளும் வேலும் மோதியது பயணம் முடிவதற்குச் சுமார் நான்கு நொடி முன்பு. அது கிளம்பியபோது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. அவ்வளவு தூரம் யார் கண்ணிலும் படாமல் வந்த வெளிச்சம், கடைசி நொடியில் ஒரு மலைமேல் இருட்டு இருந்ததால் பிடிபட்டது.

அந்த இருட்டுத்தான் இப்போது ஆபத்தில் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் வந்ததில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. இரவு ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணுக்குத் தெருவில் வெளிச்சம் வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. கேள்வி, வெளிச்சம் வேண்டுமா என்பதல்ல. வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்பது.

மூடி இல்லாத உருண்டை விளக்கு தன் வெளிச்சத்தில் பாதியை மேலே வீசுகிறது. அந்தப் பாதியில் யாரும் நடப்பதில்லை. காற்றில் உள்ள தூசியில் பட்டுச் சிதறி, ஆகாயத்தை வெளுக்க வைக்கிறது. பெரிய ஊர்களின் இந்த வெளுப்பு நூறு கி.மீ. தாண்டியும் தெரியும். காவலூரைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் எல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஊர்கள். நான்கு லட்சம் மடங்கு மங்கிய புள்ளியைத் தேடுபவருக்கு இது, கச்சேரியின் நடுவே மிக்ஸி ஓடுவது போன்றது. லடாக்கின் ஹான்லே பகுதியை 2022-இல் இருட்டு ஆகாயக் காப்பிடமாக அறிவித்தது இதற்காகத்தான். அங்கே கிராமத்தார் ஜன்னலுக்குத் திரையும் விளக்குக்கு மூடியும் போட்டுக்கொள்கிறார்கள்.

2008 மார்ச் 19 அன்று ஒரு வெடிப்பு வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு அரை நிமிடம் போல எரிந்தது. தூரம் 750 கோடி ஒளியாண்டு. இந்தியாவில் அப்போது முற்பகல் 11:42. தவறவிட்டோம். அடுத்தது இரவில் வரலாம். ஆலை வெளிச்சத்தில் வெளுத்த ஆகாயத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

நட்சத்திரம் செத்தும் கற்றுக்கொடுத்த பாடம் மிகச் சிக்கனமானது. நாலா பக்கமும் இறைத்தால் இரண்டு சூரியன் போதாது. ஒரு பக்கம் குவித்தால் கொஞ்சமே போதும். மொட்டை மாடி விளக்கு, வாசல் விளக்கு, காம்பவுண்டு விளக்கு, பஞ்சாயத்துத் தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தலைக்கு மேல் ஒரு தகர மூடி, தரையைப் பார்த்த முகம், அவ்வளவுதான். குறைந்த வாட்டில் அதே வெளிச்சம் தெருவில் விழும். கரண்ட் பில் குறையும். மிச்சமாகும் இருட்டு, ஆயிரம் கோடி ஆண்டு நடந்து வரும் அடுத்த விருந்தாளிக்கு.